அப்பன் காசு!

“கழுதை வயதாகிறது, இன்னும் அப்பன் காசில் தின்கிறான், தண்டச்சோறு!” கோவில்பட்டி வட்டாரத்து டீக்கடைகளிலே இந்த ஏச்சைக் கேட்காத நாளில்லை. யாரை ஏசுகிறார்கள்? தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்கும் தாயும், கரிசலில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் தந்தையும், வயிற்றைக் கட்டி அனுப்பும் பணத்தில் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறானே, அவனை! ஐப்பசி மழை பொய்த்தால் அந்தப் பணமும் பொய்க்கும்.

சீமான் வீட்டுப் பிள்ளைக்கு மில் வந்தது, பங்களா வந்தது. அதுவும் அப்பன் காசுதான். ஆனால் அதற்குப் பெயர் பரம்பரைச் சொத்து. அவனுக்குப் பெயர் குலவிளக்கு! அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தர 2022-இல் புதுமைப்பெண் திட்டம் வந்தபோது, ‘இலவசம்’ என்று முகம் சுளித்தோரும் இந்தக் குலவிளக்குகளே.

போகட்டும். அவர்களைச் சாடுவது நமக்குக் கைவந்த கலை. நம் வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது, தோழர்களே?

மகன் படிக்க, கடை வைக்க, வீடு கட்ட அப்பன் கொடுப்பது கடமையாம். மகளுக்குக் கொடுத்தால் மட்டும் கணக்கு! “அதுதான் நகை போட்டோமே, சீர் செய்தோமே” என்று ஆயுள் முழுதும் சொல்லிக் காட்டுகிறோம். பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929-இல். கலைஞர் ஆட்சி 1989-இல் சட்டம் செய்தது: பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. மணமான மகளையும் சேர்த்து டில்லி சட்டம் செய்ய 2005 ஆயிற்று.

சட்டம் வந்தது, சாமர்த்தியமும் கூடவே வந்தது! தங்கையைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், பங்கு வேண்டாமென்று கையெழுத்து வாங்குகிறோம். அந்தத் தாளுக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! அய்யா நடத்திய ஏட்டின் பெயரை எதற்கு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

“தங்கச்சியே மனமுவந்து போட்டாள்” என்பார் தோழர். போடாவிட்டால் பொங்கல் படி வருமா, பிறந்த வீட்டு வாசல் திறக்குமா?

கறுப்பு சிவப்புக் கரைவேட்டியோடு அந்தப் படியேறுமுன், தோழரே, ஒரு தாளெடுத்து எழுதும்: உமது படிப்புக்கு அப்பா தந்தது எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, தங்கை கழுத்தில் போட்டது எவ்வளவு? எழுதியதைத் தங்கையிடமே படித்துக் காட்டும். அதன்பிறகும் அவர் பேனாவை எடுக்கிறாரா, பார்ப்போம்.