பெயரைச் சொல்லு, தப்பிச்சுக்கலாம்

ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தை இங்கே அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் பாடமா வெச்சிருக்காங்க. உங்க பிள்ளை கையில் அந்தப் புத்தகம் இருந்தா வாங்கி நீங்களும் படிங்க. நேரமில்லைன்னா டேனியல் டே லூயிஸ் நடிச்ச 1996 படத்தையாவது பாருங்க. திரைக்கதையும் மில்லரே எழுதினதுதான்.

1692-இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் நடக்கும் கதை. சில சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி வருது. சூனியம்னு பேச்சு கிளம்புது. அவங்க கை நீட்டின ஆளெல்லாம் கைது. நிஜத்திலும் 19 பேரைத் தூக்கில் போட்டாங்க. ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல் ஏற்றியே நசுக்கிக் கொன்னாங்க. (நாடகத்தில் வரும் ப்ராக்டர் - அபிகெயில் கள்ள உறவு மில்லரின் கற்பனை. நிஜ அபிகெயிலுக்கு 11, 12 வயசுதான்.)

என்னை ரொம்ப உறுத்தின காட்சி நீதிமன்றத்தில் வருது. சிறையில் இருக்கும் பெண்கள் நல்லவங்கன்னு ஊர்க்காரங்க 91 பேர் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொண்டு வர்றாங்க. நீதிபதி டான்ஃபோர்த் அதை வாங்கிப் பார்த்துட்டு, அந்த 91 பேரையும் விசாரணைக்குப் பிடிச்சு வரச் சொல்றார்! என் தொழில் பாஷையில் சொன்னா, எந்த இன்புட் கொடுத்தாலும் 'குற்றவாளி'ன்னே அவுட்புட் தரும் ப்ரோகிராம் அது. பரிஞ்சு பேசினா நீயும் கூட்டாளி.

அதிலிருந்து வெளியே வர ஒரே வழிதான்: குற்றத்தை ஒத்துக்கிட்டு, இன்னும் நாலு பேரைக் காட்டிக்கொடுக்கணும். ஒத்துக்கிட்டு அதில் நின்னவங்க யாரையும் சேலத்தில் தூக்கில் போடலை, மறுத்தவங்களைத்தான் போட்டாங்க. ப்ராக்டர் உயிருக்குப் பயந்து கையெழுத்துப் போடுவார், ஆனா அடுத்தவன் பெயரைச் சொல்ல மாட்டார். கடைசியில் அந்தக் காகிதத்தையும் கிழிச்சுப் போடுவார். நாடகம் மேடையேறினது 1953, கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். 1956-இல் மில்லரையே நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு மத்தவங்க பெயரைக் கேட்டுது. அவர் சொல்லலை. அவமதிப்புன்னு 1957-இல் தண்டிச்சாங்க. மறுவருஷம் மேல்முறையீட்டில் ரத்தாச்சு.

வெள்ளைக்காரன் ஊர்ப் பழங்கதைன்னு இதை ஒதுக்க முடியாது. 2018 மே மாதம், மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களோட குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மாவை, போளூர் பக்கம் ஒரு கூட்டம் அடிச்சே கொன்னுது. பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க, அதனால பிள்ளை பிடிக்கிறவங்களாம். அப்போ வாட்ஸ்அப்பில் சுத்தின வதந்தி அப்படி. ஊருக்கு வந்த உறவினர்னா நம்மள மாதிரி ஆட்கள்தானே?

இங்கே யாரும் கல் எடுக்கறதில்லை. ஆனா எங்க ஊர்த் தமிழ்க் குழுவில், விழாப் பணத்தை ஒருத்தர் சுருட்டிட்டார்னு செய்தி வந்துது. "கணக்கை யாராவது பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். வந்த முதல் பதில்: "அவருக்கு நீங்க என்ன வேணும்?" 91 பேர் ஞாபகம்தான் வந்துது. கணக்கு அப்புறம் பைசா பாக்கியில்லாம சரியா இருந்துது. சுருட்டிட்டார்னு எழுதின யாரும் அதைப் பத்தி ஒரு வரி போடலை. மனுஷன் இப்போ பொங்கலுக்குக்கூட வர்றதில்லை.

சேலத்தில் தண்டனை பெற்று, பெயர் துடைக்கப்படாம கடைசியா மிஞ்சியிருந்தவர் எலிசபெத் ஜான்சன். அவர் குற்றமற்றவர்னு மாசசூசெட்ஸ் அறிவிச்சது 2022-இல். அதுவும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடாம முயற்சி பண்ணினதால.