பேசவியலாத நுகர்வோரின் நியாயம்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், அதுகாறும் அவ்வீட்டார் எட்டிப் பார்த்திராத கடைகளெல்லாம் அவர்களுக்கு அவசியமானவையாகிவிடுகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் முந்திரியும் விற்று வந்த பணத்தைக் கொண்டும், சிமெண்டு ஆலையில் உழைத்துப் பெற்ற சம்பளத்தைக் கொண்டும், வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற பிள்ளைகள் அனுப்பும் தொகையைக் கொண்டும், ஸ்பிரிங் தொட்டிலும் கொசுவலை மெத்தையும் பால் புட்டியும் வாக்கரும் கிலுகிலுப்பையும் வாங்கப்படுகின்றன. உள்ளூர்க் கடையில் வாங்குவன சில. திருச்சிக் கடைவீதியில் வாங்குவன சில. கைப்பேசியில் ஆர்டர் செய்து வருவிப்பன சில. தாய்மாமன் சீராகவும் உறவினர் அன்பளிப்பாகவும் வந்து சேர்வன சில. இவற்றைப் போல் ஆசையோடு வாங்கப்படும் பொருள் குடும்பத்தில் வேறில்லை. ஆயினும், பழுது என்று தெரிந்த பிறகு இவற்றைப் போல் மௌனமாகப் பரணில் ஏற்றப்படும் பொருளும் வேறில்லை.

இந்த மௌனத்துக்குக் காரணங்கள் உண்டு. பிள்ளை பெற்றவள் ஓய்வில் இருக்கிறாள். கணவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். பொருளைக் கொடுத்தவர் மனம் நோகுமோ என்ற தயக்கம். ரசீது எங்கே போயிற்று என்ற குழப்பம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும்’ என்ற ஆறுதல். அந்த ஆறுதலில் தாய்மனத்தின் நிம்மதி இருக்கிறதே ஒழிய, நியாயம் இல்லை. தொட்டிலின் கொக்கி தளர்ந்திருப்பதையும் பொம்மையின் சாயம் உரிவதையும் ஒரு தாய் தற்செயலாகக் கண்டுகொண்டு தன் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அதே வார்ப்பில், அதே வாரத்தில் செய்யப்பட்ட மற்றத் தொட்டில்களும் பொம்மைகளும் வேறு வீடுகளுக்குச் சென்றிருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வளர்ந்த மனிதன் தன் கையிலுள்ள பொருளின் குற்றத்தைத் தொட்டும் முகர்ந்தும் அறிந்து ஒதுக்கிவிடுவான். சிசுவுக்கோ அழுகை ஒன்றே பாஷை. அந்த அழுகை பசியாலா, வலியாலா என்பதைக்கூட நாம் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. ஆகவேதான், 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள ஒரு விதி என் மனத்தை மிகவும் கவர்கிறது. விலை கொடுத்து வாங்கியவரோடு, அவருடைய சம்மதத்தின் பேரில் அப்பொருளை உபயோகிப்பவரும் நுகர்வோரே என்று அச்சட்டம் சொல்கிறது. ஆதலால், தாய்மாமன் வாங்கித் தந்த தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தையும் சட்டத்தின் கண்ணில் உரிமையுள்ள ஒரு நுகர்வோர்தான். சிகிச்சையில் நேர்ந்த தவறு குறித்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், பெற்றோரும் குழந்தையும் ஆகிய இரு தரப்பாருமே நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் 1998-இலேயே தீர்ப்புரைத்திருக்கிறது. எனவே, பழுதான பொருளைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் செல்லும் தகப்பன் வம்புக்குப் போகிறவனல்லன். வாய் திறந்து கேட்க இயலாத தன் குழந்தைக்காக வழக்குரைக்கப் போகிறவன்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை நம் கடைகளில் தொங்குவதைக் கண்டு, அதுவே சட்டம் என்று நம்பித் திரும்பிவிடுகிறவர்கள் அநேகர். சட்டம் சொல்வது அதற்கு நேர்மாறானது. பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வாணிபம் என்று அது விளக்குகிறது; ரசீது கொடாமல் விற்பதையும் அதே வகையில் சேர்க்கிறது. பால் புட்டிகள் தர நிர்ணய முத்திரை பெற்றிருக்க வேண்டுமென 1992-ஆம் ஆண்டின் குழந்தை உணவு, பால் புட்டிகள் பற்றிய சட்டம் விதித்துள்ளது. 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. முத்திரை இல்லாத பால் புட்டியும் கிலுகிலுப்பையும் விலை மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காக வாங்குகிறவர்கள், மிச்சப்படுத்திய சில ரூபாய்க்கு ஈடாக எதைப் பணயம் வைக்கிறோம் என்று சிந்திக்க வேண்டும்.

பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில், வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோ விற்றவர் தொழில் நடத்தும் ஊரிலோ சென்று முறையிட வேண்டியிருந்தபடியால், வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ இருக்கும் ஓர் ஏழைக் குடும்பம் பிரயாணச் செலவை நினைத்தே பின்வாங்கிற்று. இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. திருச்சியில் வாங்கியிருந்தாலும், பெங்களூரிலுள்ள நிறுவனத்திடமிருந்து இணையத்தின் வழியே வருவித்திருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, அதாவது பெரம்பலூரிலோ அரியலூரிலோ, முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டுமென்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக் கால அவகாசமும் இருக்கிறது. ஆணையத்துக்குச் செல்லும் முன்பே 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து சமரசத்துக்கு முயலலாம். பொருளைத் தாமே பழுது பார்க்காமலும் தூக்கி எறியாமலும் வைத்திருந்து, ரசீதையும் அட்டைப்பெட்டியையும் அதில் அச்சிட்ட பேட்ச் எண்ணையும் பத்திரப்படுத்தி, எழுத்து மூலமாகக் கடைக்காரருக்குத் தெரிவித்துவிட்டால், வழக்கின் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். பழுதை நீக்கவும், மாற்றுப் பொருள் தரவும், விலையையும் நஷ்டஈட்டையும் கொடுக்கவும், அபாயகரமான பொருளை விற்பனையிலிருந்து விலக்கவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, காலதாமதம். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டுமென்று சட்டம் கூறினாலும், நடைமுறை அவ்வளவு விரைவாக இல்லை. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து, உரிய கண் பரிசோதனை செய்யப்படாமையால் பார்வையை இழந்த ஒரு பெண் குழந்தைக்காகப் பெற்றோர் நடத்திய நுகர்வோர் வழக்கில், ஏறத்தாழ 1 கோடியே 80 லட்ச ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2015-இல்தான். அந்தத் தாமதம் வருந்தத்தக்கது, சந்தேகமில்லை. ஆயினும் அப்பெற்றோர் முறையிடாமல் இருந்திருந்தால் அந்த நியாயமும் கிடைத்திராது. இரண்டாவது ஆட்சேபம், சிறு வியாபாரி என்ன செய்வான் என்பது. பழுது தயாரிப்பில் இருக்குமானால் முதற்பொறுப்பு தயாரிப்பாளருடையதே. தயாரிப்பாளர் இன்னார் என்றே தெரியாதபோது, எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்கத் தவறியபோது போன்ற சந்தர்ப்பங்களில் விற்பவர் மாட்டிக்கொள்கிறார். ஆகவே, பெயரும் விலாசமும் உள்ள சரக்கை வாங்கி, ரசீது போட்டு விற்பது வியாபாரிக்கே பெரும் பாதுகாப்பு.

ஒரு புகாரால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் 2025-ஆம் ஆண்டில் நடந்த கொடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் கலந்திருந்தது தெரியவந்தது. மருந்தும் தொட்டிலும் ஒன்றல்ல, சட்டங்களும் வெவ்வேறு. எனினும் இரண்டிலும் உண்மை ஒன்றே: இன்ன பொருள், இன்ன பேட்ச் என்று யாரேனும் குறித்துச் சொன்னால்தான் விற்பனையை நிறுத்த அதிகாரிகளுக்கு வழி பிறக்கும்.

ஆதலால் அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கர்ப்பிணிகள் அனைவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்று, தடுப்பூசி முடியும்வரை பத்திரமாக வைத்திருக்கும் தாய்-சேய் நல அட்டையில், குழந்தைப் பொருள்களின் முத்திரைகளையும், 1915 என்ற எண்ணையும், மாவட்ட ஆணையத்தின் விலாசத்தையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதைத் தொடங்கிவைக்க மாவட்ட ஆட்சியர்கள் முன்வர வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: குழந்தைக்கு எந்தப் பொருளை வாங்கினாலும் ரசீது இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள், பழுது கண்டால் பரணில் ஏற்றாமல் புகார் செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் உரிமையைக் கேட்பதற்கு உங்களையன்றி வேறொருவர் இல்லை.