இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் மே மாதத்துக் காற்றும் மழையும் வந்தால் முதலில் போவது கரண்ட். என் கணவரின் ஏர் பெட்டுக்குக் காற்று அடிக்கும் சின்ன பம்ப் ராத்திரி முழுக்க உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நின்ற நிமிஷம் எனக்கு விழிப்பு வந்துவிடும். இருட்டிலேயே தடவிப் போய், காற்று இறங்காதபடி இரண்டு குழாய்களையும் மடித்து ரப்பர் பேண்டு போடுவேன். பிறகு அவரை இடப்பக்கமாகத் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, யூரின் பை குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன்.

அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். 2013-ல் குப்வாராவில் குண்டு முதுகெலும்பில் பாய்ந்தது. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இடுப்பெலும்பு அழுத்தும் இடத்தில் தோல் சிவக்கும். முதல் நாள் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் உள்ளே குழி விழும். 2016-ல் எனக்கு டெங்கு வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். அந்த நான்கு நாளில் வந்த படுக்கைப்புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது எங்கள் வீட்டில் தவறுவதே கிடையாது, ராத்திரி பன்னிரண்டானாலும் இரண்டானாலும் நான்கானாலும்.

ஒரு நாள் விடியற்காலையில் அவர் சொன்னார்: "சென்ட்ரி டியூட்டியில் ரெண்டு மணி நேரம் ஆனா ரிலீவர் வந்துடுவான். உனக்குத்தான் யாரும் வரல." நான் பதில் சொல்லவில்லை. போர்வையைச் சரி செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வார்த்தைதான்.

நான் பிறந்தது வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையில். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் ஊர் என்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். லீவு என்ற சொல் அங்கே திருவிழா மாதிரி. ஒரு ஜவானுக்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. ஆள் ஓய்வெடுக்காவிட்டால் அவனால் துப்பாக்கி பிடிக்க முடியாது என்று ராணுவத்துக்குத் தெரியும். காயம்பட்டு வந்தவரைத் தூக்கி, கழுவி, ஊட்டி, மலம் எடுத்து, மருந்து கொடுத்துக் காப்பவளுக்கும் இடுப்பு வலிக்கும் என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். புனே கிர்க்கியில் 1974-ல் தொடங்கிய பாராப்லெஜிக் மறுவாழ்வு மையம் இருக்கிறது, மொஹாலியில் ஒன்று இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர் 1972-ல் ஜெர்மனியில் நடந்த பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். கிர்க்கி ராணுவ மருத்துவமனையில் என் கணவர் இருந்த பதினான்கு மாதமும் அந்தக் கதையைச் சொல்லித்தான் அவரை வீல்சேரில் உட்கார வைத்தார்கள். கதீட்டர் மாற்ற, தோலைப் பார்த்துப் பழக, எனக்குச் சொல்லிக் கொடுத்தது அங்கிருந்த ஒரு நர்ஸ். அது அவர் நல்ல மனசால் நடந்தது. என்னைப் போன்றவர்களுக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை.

நூறு சதவீதம் ஊனம், கூடவே ஆள் தேவை என்று மெடிக்கல் போர்டு எழுதினால் ‘கான்ஸ்டன்ட் அட்டென்டன்ஸ் அலவன்ஸ்’ கிடைக்கும். 2017 ஜூலையில் அது 4,500 ரூபாயிலிருந்து 6,750 ஆனது. பஞ்சப்படி 50 சதவீதம் ஏறும்போது இதுவும் 25 சதவீதம் ஏறும். பகலுக்கு மட்டும் ஆள் வைக்க இங்கே ஏஜென்சிக்காரர்கள் கேட்பது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட என்னை வருத்துவது வேறொரு விதி. என் கணவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் நாட்களுக்கு இந்தப் படி கிடையாது. ஒரு தடவை நுரையீரல் தொற்றுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். அத்தனை பேருக்கும் ஒரே வார்டு பாய். அங்கேயும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பியது நான்தான்.

லெப்டினன்ட் கர்னல் கரண்பீர் சிங் நட் 2015 நவம்பரில் குப்வாராவில் சுடப்பட்டு, எட்டு வருஷம் கோமாவில் இருந்து, 2023 டிசம்பரில் ஜலந்தரில் இறந்தார். அவர் வீரத்தை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அவர் மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும் அந்த எட்டு வருஷம் எப்படிப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராணுவப் பயிற்சியிலேயே காயம்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட கேடட்டுகளின் வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாக எடுத்த பிறகுதான் அவர்களுக்கு முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.ஹெச்.எஸ். மருத்துவ வசதி வந்தது. அந்தப் பிள்ளைகளில் பலரைத் தூக்கி உட்கார வைப்பது வயதான அம்மாக்கள். அந்த அம்மாக்களுக்குப் பிறகு யார்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பராமரிப்பாளர் படி என்ற ஒன்றைச் சொல்கிறது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் திட்டம், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. தொகை சின்னதுதான். ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருப்பதை அரசு ஒத்துக்கொண்டது. அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டத்தின்படி, காயம்பட்ட வீரரைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கு மாத உதவித்தொகை, பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் உண்டு. வருஷத்துக்கு 30 நாளாவது மாற்று ஏற்பாடு செய்து அவர்களுக்கு ஓய்வும் தருகிறார்கள்.

பணத்தைவிட அந்த 30 நாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தார்நாக்கா, மெட்டுகுடா தாண்டி திருமலகிரி போனால் செகந்திராபாத் ராணுவ மருத்துவமனை. அப்படிப்பட்ட ஒவ்வொரு பெரிய ராணுவ மருத்துவமனையிலும் நான்கு கட்டில் ஒதுக்குங்கள். முதுகெலும்புக் காயத்தைப் பழகிய நர்ஸ்கள் இருக்கட்டும். வருஷத்தில் இரண்டு தடவை, பதினைந்து பதினைந்து நாள், கணவரை அங்கே நம்பி விட்டுவிட்டு வர எங்களுக்கு அனுமதி கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு முறையான பயிற்சி கொடுத்து, பென்ஷன் ஆர்டரில் கணவர் பேருக்குக் கீழே பராமரிப்பவர் பேரையும் எழுதுங்கள். பாதுகாப்பு அமைச்சகம் மனசு வைத்தால் இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மா வாரம் ஒரு நாள் வந்து, "வதினா, நேனு சூஸ்குண்டானு" என்று சொல்லி உட்காருவார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஹப்சிகுடா மெட்ரோ வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வருவேன். என் கணவரைத் திருப்பிப் படுக்க வைக்க அந்த அம்மாவுக்குத் தெரியாது, அதனால் அதற்கு மேல் போக முடியாது.

கம்மவான்பேட்டையில் என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. நான் அவரை நேரில் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது.