வெட்டுவதற்கு முன் பெயரைக் கேட்போம்



செடி நடுவதைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம். மரம் நடு விழா எடுக்கிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், பரிசும் பெறுகிறோம். ஆனால் நட்ட செடியை எப்போது, எப்படி, எவ்வளவு வெட்டுவது என்று ஒருவரும் பேசுவதில்லை. செடி வளர்ப்பது ஒரு கலை என்றால், அதை அளவறிந்து வெட்டுவதும் ஒரு கலையே அல்லவா?

நம் பள்ளித் தோட்டத்தின் நடைபாதை ஓரத்தில் ஆள் உயரத்திற்கு வாள் வாளாக இலை நீட்டி நிற்கும் முட்செடிகளை நாம் அனைவரும் அறிவோம். மதிய உணவு முடிந்ததும் சிறு வகுப்புக் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதும் அந்த வழியில்தான். இலை நுனியிலுள்ள முள், ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக நிற்கிறது. இதைக் குறித்து எங்கள் வகுப்பில் விவாதம் எழுந்தது. "அடியோடு வெட்டி எறிய வேண்டும்" என்றனர் ஒரு சாரார். "தோட்டத்திற்கு அழகு, மாட்டுக்கும் வேலி, அப்படியே இருக்கட்டும்" என்றனர் மறுசாரார். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது எங்கள் கருத்து. ஏனெனில், விவாதித்தவர்களில் பாதிப் பேர் அதைத் தாழை என்றனர். சிலர் கள்ளி என்றனர். மற்றவர் கற்றாழை என்றனர். பெயரே தெரியாமல் தீர்ப்புக் கூறலாமா?

அடையாளம் காண்பது கடினமன்று. தாழைக்கு அடிமரம் உண்டு, கிளையும் உண்டு. அதைத் தாங்கிப் பிடிக்க விழுதுபோன்ற வேர்கள் தண்டிலிருந்து மண்ணுக்கு இறங்கும். இலை மெல்லியது, ஓரங்களில் மட்டுமன்றி, நடு நரம்பின் அடிப்புறத்திலும் முள் இருக்கும். சோற்றுக் கற்றாழையோ முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. இலையை ஒடித்தால் வழவழப்பான சோறு வரும். நம் தோட்டத்துச் செடிக்கு அடிமரம் இல்லை. தரையிலிருந்தே தடித்த, சாம்பல் பூத்த இலைகள் வட்டமாகக் கிளம்புகின்றன. ஓரத்தில் கொக்கி முட்கள்; நுனியில் கறுத்த ஊசி. ஓர் இலையின் முட்கள் அடுத்த இலையில் பதித்த அச்சுகூடத் தெரிகிறது. இலையைக் கிழித்தால் சோறு வராது, நார்தான் வரும். ஆகவே இது ஆனைக் கற்றாழை. இருப்புப் பாதை ஓரங்களில் வேலியாக வைத்ததால் ரயில் கற்றாழை என்றும் சொல்வார்கள்.

இதன் தாயகம் மெக்சிகோ நாடு. நூறாண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்று சொல்வது மிகை. பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் நடுவிலிருந்து கம்பம்போல் ஒரு பூந்தண்டு எழும்பி, இருபது அடிக்கு மேலும் உயர்ந்து, பூத்து முடிந்ததும் தாய்ச்செடி பட்டுப்போகும். அதற்குள் அதன் அடியைச் சுற்றிலும் பக்கக் கன்றுகள் முளைத்துவிடும். அதனால்தான் ஒரு செடி வைத்த இடத்தில் சில ஆண்டுகளில் ஒரு புதரே நிற்கிறது.

பெயர் அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. தாழை நம் மண்ணுக்கு உரியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் தாழையும் ஒன்று. நீர்க்கரைகளில் அதன் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்து, கரை அரித்துப் போகாமல் காக்கின்றன. அதைக் கற்றாழை என்று எண்ணி வெட்டினால் கரைக்குக் கேடு; கற்றாழையைத் தாழை என்று எண்ணிக் காட்டோரத்தில் நட்டால் காட்டுக்குக் கேடு. ஒரு பெயர்ப் பிழை இரண்டு பக்கமும் நட்டத்தையே தரும்.

இனி, வெட்டும் முறைக்கு வருவோம். நடைபாதைப் பக்கமாக நீளும் இலைகளை அடியோடு ஒட்டி வெட்டிவிடலாம். மற்ற இலைகளின் நுனி ஊசியை மட்டும் நறுக்கிவிட்டால் செடிக்குக் கெடுதல் இல்லை. குழந்தைகளுக்கும் ஆபத்து நீங்கும். பக்கக் கன்றுகளை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். வெறுமனே மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வெட்டுகிறவர் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிவது அவசியம். இதன் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவப் படிகங்கள் உள்ளன. அவை தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் உண்டாகும். எனவே இது மாணவியர் பொழுதுபோக்காகச் செய்யும் வேலையன்று. பெரியவர்கள் பொறுப்பில் நடக்க வேண்டியது.

வெட்டியதை எங்கே போடுவது? இந்தக் கேள்விதான் எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நம் ஊர்களில் தோட்டக் கழிவு என்றாலே வண்டியில் ஏற்றி, ஊருக்கு மேற்கே ஏதேனும் ஓடைக்கரையில் கொட்டிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. இலை மட்கிவிடும். ஆனால் கன்று மட்காது. வெயிலில் பல நாள் கிடந்தாலும் சாகாமல், முதல் மழையில் வேர் விடும்.

மேற்கே இருப்பது எது என்று சற்று எண்ணிப் பாருங்கள். இராஜபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. அந்த ஆற்று நீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திற்கு வந்து நகரத்தின் குடிநீராகிறது. சாம்பல் நிற அணிலுக்காக 1988ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆயிற்று. அந்த அணில் தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. ஆற்றோரம் புதுமரம் முளைத்து வளர இடம் இருந்தால்தான் அதற்குப் பாதை உண்டு. முட்புதர் அடைத்த இடத்தில் மரக்கன்று எப்படி எழும்பும்?

"நாலு செடியால் காடு அழிந்துவிடுமா?" என்று சிலர் நகைக்கலாம். எங்கள் தோழியரே வகுப்பில் அப்படித்தான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனைக் கற்றாழை காற்றில் பறந்து பரவும் களை அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வரலாறு வேறொரு பாடமும் சொல்கிறது. சப்பாத்திக் கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், வேலியாகவும் வைத்தார்கள். அது தென்னாட்டு நிலங்களில் பரவி, 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு சிறு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. சீமைக் கருவேலும் விறகுக்கு உதவும் என்று வந்ததே. இன்று நம் மாவட்டத்துக் கண்மாய்களில் அது நிற்பதை யாவரும் காண்கிறோம். அதை அகற்றும்படி 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டும் வேலை முடிந்தபாடில்லை. வரும்போது அவையும் "நாலு செடி"யாகத்தான் வந்தன.

அதற்காக ஆனைக் கற்றாழையைப் பகையாகக் கருத வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அதன் நார் கயிறாகும். தண்ணீர் இல்லாத மேட்டு நிலத்தில் வேலியாகும். ஊருக்குள்ளே, உரிய இடத்தில், பார்த்துக்கொள்ள ஆள் இருக்குமாயின் அது நல்ல செடியே. நடைபாதையும் ஓடைக்கரையும் அதற்கு உரிய இடங்கள் அல்ல, அவ்வளவுதான்.

ஆகவே நாங்கள் பணிவுடன் வேண்டுவது இது. நடைபாதை ஓரத்துச் செடிகளுள் பெரியவற்றின் முனையை நறுக்கிக் காப்போம். கன்றுகளுள் நல்லவற்றை விளையாட்டுத் திடலின் பின்புறச் சுற்றுச்சுவர் ஓரமாக மாற்றி நடுவோம். எஞ்சியவற்றின் அடிக்கிழங்கை இரண்டாகப் பிளந்து, சிமெண்டுத் தரையில் நன்கு காயவைத்து, நம் வளாகத்து எருக்குழியிலேயே இடுவோம். மதிப்பிற்குரிய அருட்சகோதரியர் இதற்கு அனுமதி தர வேண்டும். பெற்றோர்களும் தத்தம் வீட்டுத் தோட்டக் கழிவு எந்த ஓடைக்குப் போகிறது என்று வண்டிக்காரரிடம் ஒருமுறை கேட்க வேண்டும். தோழியரே, ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை எழுதும் பணியை நாம் ஏற்போம். அடுத்து இவ்வகுப்பிற்கு வரும் தங்கையர், எதை வெட்டலாம், எதை வெட்டலாகாது என்று விவாதிக்கும்போது, பெயரிலிருந்தாவது அவர்கள் தொடங்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி