கையெழுத்தும் சம்மதமும்

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் பொழுது விடியுமுன் வண்டி பிடித்து, பழைய ரிப்போர்ட்டுகளைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்துப் புற்றுநோய் மையத்தின் வரிசையில் வந்து நிற்கிற நம்மவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் இவர்கள் கையெழுத்திட்டுவிடுவார்களே என்ற விசாரம் எனக்கு எழுவதுண்டு.

விசாரத்துக்கு முகாந்திரம் உண்டு. 1999-2000இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவருடன் சேர்ந்து, அதே மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகள் 20 பேருக்கும் மேற்பட்டோரின் கட்டிகளில் புதிய ரசாயனம் ஒன்று ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அங்கேயே பணியாற்றிய வைத்தியர் ஒருவர் ஆட்சேபித்திராவிட்டால் வெளியுலகம் அதை அறிந்திருக்குமோ என்னவோ! 2001இல் அப்பல்கலைக்கழகமே விசாரித்து, மிருகங்களிடம் போதிய சோதனை நடைபெறவில்லை, தன் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் பெறப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது.

ஆயினும், இதைக் காட்டி ஆராய்ச்சியே ஆகாதென்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. அதே மையத்தார் 1996 முதல், திருவனந்தபுரம் ஜில்லாவின் 13 பஞ்சாயத்துகளில் 35 வயது நிரம்பிய ஏறத்தாழ 1,90,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை அனுப்பினார்கள். டாக்டர்கள் அல்லாத, பட்டதாரிகளான அவர்கள், வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, வெற்றிலை அதக்கிச் சிவந்த கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமோ ஆறாத புண்ணோ உண்டா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததுதான் பரிசோதனை. 2005இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது: புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று மரணம், மற்றப் பிரிவைவிட 34 சதவீதம் குறைவு. அவ்வாறு பார்க்கப்படாமல் ஒப்பீட்டுக்காக நின்ற 6 பஞ்சாயத்துகளின் ஜனங்களுக்கும் நாம் கடன்பட்டவர்களே என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

ஆகவே ஆராய்ச்சி வேண்டும், ஆனால் மெய்யான சம்மதத்துடன். மருந்துச் சோதனைகளுக்கான நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகள், சம்மதப் படிவம் நோயாளிக்குப் புரியும் பாஷையில் இருக்கவேண்டும் என்கின்றன. திருவனந்தபுரத்தில் அந்தப் பாஷை மலையாளம் என்று தீர்மானித்துவிடுவது சுலபம். குமரி மாவட்டத்துக் கிழவிக்கோ மலையாளம் காதுக்குத்தான் பழக்கம், கண்ணுக்கு அன்று. ஆகவே அவள் கையில் தமிழ்ப் படிவம் தரவேண்டும். அன்றே கைநாட்டு வாங்காமல், ஓர் இரவேனும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்க விடவேண்டும். மறுநாள் வந்து வேண்டாமென்றாலும் வழக்கமான வைத்தியத்தில் அணுவளவும் குறையாது என்பதை, கடைசிப் பக்கத்துப் பொடியெழுத்தில் ஒளிக்காமல், முதல் வரியிலேயே பெரிதாக அச்சிடவேண்டும்.