இரண்டு கதவா, நான்கு கதவா?



சென்ற இதழில் வங்கிக் கணக்கை அவரவர் பெயரில் வைத்திருப்பது பற்றிக் கதைத்தோம். இம்மாதம் ஒரு காரைப் பற்றி எழுதப் போகிறேன். "எங்களுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். பஸ்சுக்கே காசு எண்ணிப் பார்க்கும் பெண்கள்தான் எம்மில் அதிகம். ஆனாலும் பொறுமையாக வாசியுங்கள். இது காரைப் பற்றிய கதை மட்டுமல்ல.

பாமன்கடையில் நாங்கள் நடத்தும் தையல் வகுப்பில் படித்து, இன்று அதே வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு சகோதரி இருக்கிறார். ரஞ்சி அக்கா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதுவல்ல. 2009 ஏப்ரலில் மாத்தளனில் விழுந்த ஷெல்லில் கணவரையும் தன் இடது காலையும் இழந்தவர். முழங்காலுக்கு மேலே கால் இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டான். செயற்கைக்காலுடன் நடக்கிறார். பாடசாலைச் சீருடைகளும் சட்டைகளும் தைத்து வெள்ளவத்தை, தெஹிவளைக் கடைகளுக்குக் கொடுக்கிறார். துணி மூட்டையோடு பஸ் ஏற முடியாது. உழைப்பில் ஒரு பங்கு ஓட்டோக்காரருக்கே போய்க்கொண்டிருந்தது.

கனடாவில் இருக்கும் அவருடைய தங்கை, "அக்கா, நீ ஒரு பழைய கார் எண்டாலும் வாங்கு" என்று பணம் அனுப்பினார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் இருந்த ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை மிகவும் ஏறிவிட்டது. உயரமான இருக்கையுள்ள வாகன் ஆர் போன்ற சிறிய கார் ரஞ்சி அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் கையிலிருந்த பணம் அதற்குக் கிட்டவும் போகவில்லை. தேடித் தேடிக் கடைசியில் தரகர் காட்டியவை இரண்டு ஹொண்டா சிவிக் கார்கள். இரண்டும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்தவை. இரண்டுக்கும் ஒரே 1500 சி.சி. எஞ்சின், இரண்டும் ஓட்டோ கியர். ஒன்றுக்குப் பக்கத்தில் நான்கு கதவுகள். மற்றதற்கு இரண்டே இரண்டு. பின்னால் டிக்கிக் கதவையும் சேர்த்து எண்ணுவதால் அதை மூன்று கதவுக் கார் என்றும் சொல்வார்கள். பெடியன்கள் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஆசைப்படுவது அதைத்தான். 1997 இல் ஹொண்டா இதே சிவிக்கில் டைப் ஆர் என்ற வேகக் காரைச் செய்தபோது, அதை இரண்டு கதவு உடலில் மட்டும்தான் செய்தது. அதன் பிறகு அந்த உடலுக்கே ஒரு பெயர் வந்துவிட்டது.

"எது நல்லது, தங்கச்சி?" என்று ரஞ்சி அக்கா என்னிடம் கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "நாலு கதவு" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. சித்தப்பாவிடம் இரண்டு கதவு மொரிஸ் மைனர் ஒன்று இருந்தது. பெற்றோல் தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பழைய எஞ்சின் என்பதால் அதையும் தாங்கியது. அம்மம்மாவைப் பின் இருக்கையில் ஏற்றி, சுற்றிலும் சாமான்களை அடுக்கினோம். நாவற்குழிப் பக்கம் சனக்கூட்டத்துக்குள் கார் நகரவில்லை. அம்மம்மா இறங்க வேண்டும் என்று கேட்டார். முன் இருக்கையை மடித்து, சாமான்களை இறக்கி, அவரை வெளியே எடுப்பதற்குள் அவர் பட்ட பாடும் வெட்கமும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பின்னால் இருப்பவருக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லாத காரை நான் வெறுத்தது அன்றிலிருந்துதான்.

ரஞ்சி அக்காவின் அண்ணனும் நாலு கதவுதான் வேண்டும் என்று சொன்னார். "குடும்பமாய் ஒரு கோயில் குளத்துக்குப் போறதெண்டாலும் வசதி. நான் ஓடுறன், நீ பின்னாலை இரு" என்றார். பதிவையும் தன் பெயரில் செய்தால் கந்தோர் அலைச்சல் தங்கைக்கு இல்லை என்றார். அவர் கெட்டவரல்ல. தங்கையையும் குழந்தையையும் முகாமிலிருந்து கூட்டி வந்து வைத்திருந்தவர் அவர்தான். நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன்.

ரஞ்சி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டிலையும் ஒருக்கால் ஏறிப் பாப்பம்" என்றார்.

கராஜ் வாசலில் இரண்டு கார்களும் நின்றன. முதலில் நாலு கதவு. சாரதி இருக்கையில் ஏறுவதற்கு அவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், பிறகு உடம்பைத் திருப்ப வேண்டும். செயற்கைக்கால் இடதுகால் ஆகையால் அதுதான் முதலில் உள்ளே போக வேண்டும். கையால் தூக்கி வைத்தபோது பாதம் கதவு நிலையில் இடித்தது. மூன்றாம் முறைதான் உள்ளே போனது. அடுத்தது இரண்டு கதவு. அதன் கதவு நீளம். கதவு வாசல் இருக்கைக்குப் பின்னாலும் தள்ளிப் போகிறது. இருக்கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்தார், காலைத் தூக்கினார், திரும்பினார். ஒரே தரத்தில் ஏறிவிட்டார். ஊன்றுகோலைத் தானே எடுத்து இருக்கைக்குப் பின்னால் போட்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இது: "தங்கச்சி, எல்லாரும் பின்சீற்றில ஆர் இருக்கிறதெண்டே கதைக்கிறியள். ஓடப்போறது நான். ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். தீர்மானம் எடுக்கும் உரிமை என்று கருத்தரங்குகளில் பேசுபவள். அவர் காரை ஓட்டப் போகிறார் என்பது என் மனதில் வரவேயில்லை. என் அம்மம்மாவைப் போல அவரையும் பின் இருக்கையில் ஏற்றி வைத்துத்தான் நான் யோசித்திருக்கிறேன்.

ஓட்டோ கியர் காரில் இடது காலுக்கு வேலை இல்லை. கிளச் கிடையாது, பிரேக்கும் அக்சிலறேற்றரும் வலது காலுக்கே. ஆகவே இடது கால் இழந்தவர் காரில் எந்த மாற்றமும் செய்யாமலே ஓட்டலாம். வலது கால் இழந்தவர்களுக்கு மிதியை இடம் மாற்றியோ, கையால் இயக்கும் கருவி பூட்டியோதான் ஓட்ட முடியும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு எல்லோரையும் போலவே தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அங்கே காலை மறைக்காமல் காட்டுங்கள், எந்த வகை வாகனம் ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ரஞ்சி அக்கா அப்படித்தான் செய்தார். வேரஹெரவில் சோதனையில் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை சித்தியடைந்தார்.

இனி, இப்படி ஒரு தெரிவு உங்கள் முன்னால் வந்தால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

இந்த இரண்டு சிவிக்குகளிலும் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரம் ஒன்றுதான், 2,620 மில்லிமீற்றர். மொத்த நீளத்தில்தான் வித்தியாசம். இரண்டு கதவு 4,180, நான்கு கதவு 4,450 மில்லிமீற்றர். அந்த ஓரடியளவு நீளம் பெரும்பாலும் பின்பக்க டிக்கிக்கே போகிறது. இரண்டு கதவுக் காரில் பின் இருக்கையை மடித்துவிட்டால், பெரிய டிக்கிக் கதவு வழியாகத் துணி மூட்டையோ மடக்கிய சக்கர நாற்காலியோ போகும். ஆனால் வயோதிபரைப் பின்னால் ஏற்றி இறக்குவது கஷ்டம். என் அம்மம்மாவின் கதை பொய்யல்ல. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வேறொருவர் ஓட்டுவதாக இருந்தால், நாலு கதவே பொருத்தம்.

நீளமான கதவு திறக்க இடம் வேண்டும். பாமன்கடை ஒழுங்கைகள் உங்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் மதில். வாங்குவதற்கு முன் காரை வீட்டடிக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். ரஞ்சி அக்கா பார்த்தபோது கதவு பாதிதான் திறந்தது. இடது பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தினால் சாரதிப் பக்கக் கதவு முழுவதும் திறக்கும் என்று மகன் கண்டுபிடித்தான். அதற்காக அவர் பின்னுக்கு ஓட்டிவரப் பழக வேண்டியிருந்தது. அதற்கே இரண்டு கிழமை போனது.

ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் எடுத்த வண்டியைப் பெரும்பாலும் இளம் பெடியன்கள்தான் ஓட்டியிருப்பார்கள். அடித்து ஓட்டியிருப்பார்கள். இந்தக் காரிலும் முன்னைய சொந்தக்காரர் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் பூட்டியிருந்தார். இருக்கை தாழ்ந்தால் எழும்புவது சிரமம். மெக்கானிக் பாஸ் பழைய அளவு ஸ்பிரிங்கை மீண்டும் பூட்டிக் கொடுத்தார். அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் வாங்கினோம். இவ்வகைச் சிவிக்கின் ஓட்டோ கியரில் பழசானால் வரும் ஒரு வருத்தம் உண்டு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கார் நடுங்கும். எஞ்சின் சூடான பிறகு நிறுத்தி நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். நடுங்கினால் "ஒயில் மாத்தினால் சரி" என்ற தரகரின் சொல்லை நம்பாமல், உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கடைசியாகப் பத்திரங்கள். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சொந்தக்காரர்தான் விற்கிறாரா என்று பாருங்கள். பலர் பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவங்களோடு கைமாற்றிக் கொண்டே போவார்கள். விபத்தோ வழக்கோ வந்தால் அலைவது நீங்கள்தான். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். காசு கொடுக்கும் நாளிலேயே உரிமை மாற்றத்துக்கான படிவங்களை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் உங்களுடையது என்றால் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ரஞ்சி அக்கா இரண்டு கதவுக் காரையே வாங்கினார், தன் பெயரில். அண்ணன் மூன்று மாதம் பேசவில்லை. அது அவருக்குச் சின்ன விடயமல்ல. தனக்கு ஒருவரும் இல்லாத காலத்தில் சோறு போட்டவர் அண்ணன் என்று சொல்லி, தையல் மெசினுக்கு முன்னால் இருந்து அழுததைப் பார்த்தேன். "பிழை விட்டிட்டனோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. முதல் தடவை அவசரப்பட்டுச் சொன்ன பதிலே போதும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் இரவு அண்ணனின் மனைவிக்குக் காய்ச்சல் கூடியது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். ஓட்டோ கிடைக்கவில்லை. ரஞ்சி அக்காதான் காரை எடுத்தார். அண்ணியை முன் இருக்கையில் சாய்த்து வைத்து, மகனைப் பின்னால் ஏறச்சொல்லி, களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த நாள் அண்ணன் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரயர் ரெண்டு தேஞ்சு போச்சு, மாத்த வேணும்" என்றாராம். அவ்வளவுதான் பேசியது. இப்போது கோயிலுக்குப் போகும்போது அண்ணன் பின் இருக்கைக்குக் குனிந்து ஏறுகிறார். முதுகு வலிக்கிறது என்ற முறைப்பாடு மட்டும் இன்னும் தீரவில்லை.

சகோதரிகளே, உங்களில் பலர் கார் வாங்கப் போவதில்லை. தையல் மெசின் வாங்குவீர்கள், சைக்கிள் வாங்குவீர்கள், வீட்டுத்திட்டத்தில் மலசலகூடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று யாரோ வந்து கேட்பார்கள். அல்லது கேட்காமலே கட்டுவார்கள். அப்போது பதிலை உடனே சொல்ல வேண்டாம். ஒருக்கால் ஏறிப் பாருங்கள், இருந்து பாருங்கள், திறந்து பாருங்கள். உங்களுக்கு ஆலோசனை சொல்ல வருகிறவர் என்னைப் போன்றவராக இருந்தால், "இதைப் பாவிக்கப் போறது ஆர்?" என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.