'வாழை'யும் ஒரு ரூபாயும்

2024-ல் மாரி செல்வராஜ் இயக்கி வெளிவந்த 'வாழை' படத்தைப் பார்த்தோம். தம் பிள்ளைப் பிராயத்தில் கண்டதையே படமாக்கியிருக்கிறார். விடுமுறை நாளெல்லாம் வாழைத்தார் சுமக்கும் சிறுவன். டீச்சர் மீது அவனுக்குள்ள பிரியத்தைச் சற்று நீட்டிவிட்டார்கள், போகட்டும்.

தாருக்கு ஒரு ரூபாய் கூலி. இரண்டாக்கு என்று கேட்டுப் பெறுகிறார்கள் தொழிலாளர்கள். கொடுத்த காசை வியாபாரி எங்கே பிடித்தான்? ஆட்களுக்குத் தனி வண்டி இல்லை, பாரம் ஏற்றிய லாரி மேலேயே ஏறிக்கொள் என்கிறான். லாரி கவிழ்கிறது. இதை விபத்து என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கொட்டகையில் எல்லோரும் அழுதார்கள். அந்த ஒரு ரூபாய்க் கணக்கைக் கவனித்தவர் எத்தனை பேர்?

வாழைத்தார் சுமப்பவர்களைப் பற்றி சோ. தர்மனும் 'வாழையடி' என்று சிறுகதை எழுதியிருக்கிறார். மாரி செல்வராஜே அதைப் படிக்கச் சொன்னார். தோழர்களே, சங்கக் கட்டிடத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.